குழந்தைக்கு எந்தக் கார் சீட்? ஐந்து வகைகளின் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் மட்டும் உறவிலும் நட்பிலுமாக நான்கு குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டன. கார் சீட் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. ஆனால் ரூ.6,000-க்கு ஒன்று, ரூ.15,000-க்கு ஒன்று, ரூ.40,000-க்கு ஒன்று எனக் கடையில் வரிசையாக நிற்கின்றன. எல்லாப் பெட்டிகளிலும் ‘பிறந்தது முதல்’ என்றே அச்சிட்டிருக்கிறது. எதை எடுப்பதென்று புரியவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள் பிறந்தபோது நானும் என் கணவரும் இதே இடத்தில் நின்றோம், முதல் முறை தவறாகவே தேர்ந்தெடுத்தோம். அந்தத் தவறு எங்கே நிகழ்ந்தது என்று பின்னர் தெரிந்துகொண்டதுதான் இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. சொல் குழப்பம் வராமலிருக்க, குழந்தைக்கென வாங்கிப் பொருத்துவதைக் ‘கார் சீட்’ என்றும், காரோடு வருவதை ‘இருக்கை’ என்றும் எழுதுகிறேன்.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால், அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களின் எடை அந்தக் கணத்தில் ஏறத்தாழ 14 மடங்காக முன்னால் தள்ளும். 10 கிலோ குழந்தை 140 கிலோவாக, அதாவது கிட்டத்தட்ட மூன்று சிமெண்ட் மூட்டைகளின் கனத்தோடு, கையிலிருந்து பறியும். எவ்வளவு பாசத்தோடு அணைத்திருந்தாலும் எந்தக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. சரியாகப் பொருத்திய கார் சீட், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பு அபாயத்தை 71 சதவீதமும் ஒன்று முதல் நான்கு வயது வரையானோருக்கு 54 சதவீதமும் குறைப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்திருக்கிறது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக் காப்பு அமைப்போ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ரூ.1,000 அபராதம்.

## எதை வைத்து எடைபோடுவது

குழந்தை எவ்வளவு காலம் பின்னோக்கி உட்கார முடியும். என் பார்வையில் முதல் அளவுகோல் இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகே. கடையில் ‘கன்வெர்ட்டிபிள்’ என்று ஒரு கார் சீட் வகை இருக்கும். அந்தச் சொல்லின் பொருளே, முதலில் குழந்தை காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்காரும் பின்னோக்கிய நிலையிலும், வளர்ந்த பிறகு நம்மைப் போல முன்னோக்கிய நிலையிலும் வைக்கலாம் என்பதுதான். கைக்குழந்தையின் தலை உடலின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கழுத்தெலும்புகளின் பகுதிகளோ இன்னும் முழுதாக எலும்பாகி ஒன்றுசேராமல் குருத்தெலும்பால் இணைந்திருக்கும். முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையை நேர் மோதலில் தோளின் மேல் வரும் சீட்டின் பட்டைகள் பிடித்து நிறுத்திவிடும், தலை மட்டும் முன்னால் பாய, அதன் முழு இழுப்பையும் கழுத்து தாங்க வேண்டியிருக்கும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டின் முதுகுப்புறத்தில் அழுந்த, விசை பரவிப்போகும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பெட்டியில் இருக்கும் எண்களைப் படித்தால் அவை வேறு விதமாகத் தெரியும். பழைய ஐரோப்பிய விதியான ஆர்44, குழந்தைகளை எடையால் பிரித்தது: 0+ என்பது 13 கிலோ வரை, 1 என்பது 9 முதல் 18 கிலோ வரை. இந்த 9 கிலோதான் பல பெற்றோரை ஏமாற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் நடுத்தர எடையுள்ள ஆண் குழந்தை 9 கிலோவை ஒன்பது, பத்து மாதத்திலேயே தொட்டுவிடும். பெண் குழந்தை ஒரு வயதில். அந்த வயதில் முன்னோக்கித் திருப்புவதை விதி தடுக்கவில்லை என்பதால் அது பாதுகாப்பு என்று ஆகிவிடாது. அதே சீட்டில் 13 கிலோ வரை பின்னோக்கியே வைத்திருந்தால், அதே அட்டவணைப்படி இரண்டேகால் வயதைத் தாண்டியும் வைத்திருக்கலாம். புதிய விதியான ஆர்129, எடைக்குப் பதில் உயரத்தால் பிரிக்கிறது. 15 மாதம் நிறையும் வரை முன்னோக்கித் திருப்பவே அனுமதிப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-இல் வயது எல்லையையே எடுத்துவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு எட்டும் வரை பின்னோக்கியே வைக்கச் சொன்னது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை வயது வரை வரும்’ என்பதற்கு முன்னால், ‘பின்னோக்கிய நிலையில் எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் வரை’ என்பதாக இருக்க வேண்டும்.

உங்கள் காரில் உட்காருமா. பின்னோக்கி வைத்த கன்வெர்ட்டிபிள் முன்பின்னாக நிறைய இடம் கேட்கும். சிறிய ஹேட்ச்பேக்கில் முன்னிருக்கையை நகர்த்தியே ஆக வேண்டும். பெல்ட்டால் பொருத்தும் வகையானால் காரின் சீட் பெல்ட் சீட்டைச் சுற்றி வந்து பூட்டில் விழும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். பல சின்னக் கார்களில் இது நான்கு விரற்கடை குறைந்துபோகும். காரின் பெல்ட் இல்லாமல் காரிலுள்ள கொக்கிகளில் நேரே மாட்டும் ஐசோஃபிக்ஸ் வகையானால் பின்னிருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருக்கின்றனவா என்று கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் ஓர இருக்கைகள் இரண்டில் மட்டுமே இருக்கும். நடு இருக்கையில் இடுப்புப் பட்டை மட்டும் உள்ள கார் என்றால், கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அங்கே கார் சீட் வைக்கக் கூடாது.

பச்சிளம் குழந்தைக்குச் சாய்வு போதுமா. தலை நிற்காத குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தால் மோவாய் மார்பில் கவிழ்ந்து மூச்சுப்பாதை அடைபடலாம். ஆகவே முதல் மாதங்களில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வு வேண்டும். பெட்டியில் ‘0 கிலோ முதல்’ என்று இருந்தாலும், தோளுக்கான பட்டை வரும் துளைகளில் மிகத் தாழ்ந்தது குழந்தையின் தோளுக்கு மேலே இருந்தால் அது அந்தக் குழந்தைக்கு இன்னும் பெரிதுதான்.

சான்று. ஆர்44/04 அல்லது ஆர்129 என்று குறித்த, வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் எண்ணும் கொண்ட ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை சீட்டின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பது போதாது. இந்தியாவின் ஏஐஎஸ்-072 தரம் ஆர்44-ஐ ஒட்டி எழுதப்பட்டது. ஆர்129 சோதனையில் பக்கவாட்டு மோதலும் உண்டு. ஆர்44 சோதனையில் அது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆர்44 சீட்டுகளின் விற்பனை 2024 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பயன்படுத்தத் தடையில்லை.

யார் யார் காரில் ஏறுவீர்கள், எத்தனை ஆண்டுக்கு. சொந்தக் கார் ஒன்றே என்றால் கனம் பொருட்டில்லை. வாரத்தில் மூன்று நாள் கால் டாக்ஸி, இரண்டு நாள் தாத்தா வீட்டுக் கார் என்றால் அதுவே தேர்வைத் தீர்மானித்துவிடும்.

## தொட்டில் போலத் தூக்கும் இன்ஃபன்ட் கேரியர்

கைப்பிடியோடு, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்னச் சீட் இது. எப்போதும் பின்னோக்கி மட்டுமே வைக்க முடியும் என்பதால் தவறாகத் திருப்பிவிடும் வாய்ப்பே இல்லை. பிறந்த குழந்தைக்கு இதைவிடப் பொருந்தும் வகை வேறில்லை. கனம் நான்கு கிலோவை ஒட்டியே இருப்பதால் கால் டாக்ஸியில் ஏறி இரண்டு நிமிடத்தில் பெல்ட்டைச் சுற்றிப் பூட்டிவிடலாம். சிறிய காரிலும் இடம் அதிகம் எடுக்காது.

இதில் மறைந்திருக்கும் செலவு காலம்தான். வரம்பு 13 கிலோ என்று எழுதியிருக்கும். ஆனால் எடை வருவதற்கு வெகுமுன்பே குழந்தையின் உச்சந்தலை சீட்டின் மேல் விளிம்பைத் தொட்டுவிடும். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினைந்து மாதத்தில் அடுத்த சீட்டுக்கு மறுபடி காசு எடுத்துவைக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் இதிலேயே தூங்கவிடும் பழக்கம் நல்லதல்ல. இது பயணத்துக்கான சீட், படுக்கையாகாது.

பெல்ட்டைச் சுற்றும் முறை சரியாகத் தெரியாமல் கேரியரைக் காரின் இருக்கை மேல் சும்மா வைத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டாத சீட்டில் கட்டிய குழந்தை, கட்டாத குழந்தைதான்.

## பெல்ட்டால் பொருத்தும் கன்வெர்ட்டிபிள்

தமிழ்நாட்டுக் கடைகளில் அதிகம் விற்பது இதுதான். லவ்லாப், ஆர் ஃபார் ராபிட் போன்ற இந்திய நிறுவனங்கள் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலையில் இந்த வகையைக் கொண்டுவந்திருப்பது நல்ல காரியம். பொதுவாகப் பிறந்தது முதல் 18 கிலோ வரை. அதில் 13 கிலோ வரை பின்னோக்கி. சில மாடல்களில் பின்னோக்கிய வரம்பு 10 கிலோதான் என்பதைக் கையேட்டின் உள்பக்கத்தில்தான் காணலாம். மூன்று கிலோ வித்தியாசம் எண்ணில் சிறிதாகத் தெரியும்; வளர்ச்சி அட்டவணையில் அது ஏறத்தாழ பதினைந்து மாதம். ஒன்றேகால் வயதில் திருப்புவதற்கும் இரண்டரை வயதில் திருப்புவதற்கும் உள்ள தூரம் அது.

சீட்டின் பக்கங்களில் பெல்ட் போகும் வழிக்கு வண்ணக் குறிகள் இருக்கும்: பின்னோக்கிய நிலைக்கு நீலம், முன்னோக்கிய நிலைக்குச் சிவப்பு. இரண்டையும் மாற்றிப் போட்டால் மோதலில் சீட்டே கவிழும். பொருத்தி முடித்ததும், பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டிப்பார்க்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் சரியில்லை. நன்றாக இறுக்க, சீட்டின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு பெல்ட்டை இழுப்பதுதான் வழி. முதல் முறை அரை மணி நேரம் பிடிக்கும், வியர்த்துக் கொட்டும். குழந்தையை வைத்துக்கொண்டு செய்யாமல் முதல் நாளே செய்துவைப்பது நல்லது.

ஐசோஃபிக்ஸ் கொக்கி இல்லாத பழைய கார், ஆனால் பின்னிருக்கையில் தோளுக்கும் இடுப்புக்கும் வரும் மூன்று முனை பெல்ட்டும் போதிய நீளமும் உண்டு என்றால் இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை. காசை நினைத்து இதை எடுப்பவர்கள் மனம் குறைபட வேண்டியதில்லை. சரியாக இறுக்கிய பெல்ட் கன்வெர்ட்டிபிள், தளர்வாக வைத்த விலையுயர்ந்த சீட்டைவிடக் குழந்தையை நன்றாகக் காக்கும். இதன் பலவீனம், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தவறு நேர இடமுண்டு என்பது. காரைக் கழுவ விடும்போதோ, உறவினர்கள் வருகிறார்கள் என்று டிக்கிக்குள் எடுத்துப் போடும்போதோதான் அது நிகழும்.

## ஐசோஃபிக்ஸ் கன்வெர்ட்டிபிள், சுழலும் வகையும் சேர்த்து

சீட்டின் அடியிலிருந்து வரும் இரண்டு கரங்கள் காரின் கொக்கிகளில் ‘டக்’கென்று விழுந்து, பச்சைக் குறி தெரிந்தால் பொருத்தியாயிற்று. தவறாகப் பொருத்தும் வாய்ப்பு மிகவும் குறைவு என்பதே இதன் பெரிய பலம். கூடவே சீட் முன்னால் குப்புறச் சுழலாமல் தடுக்க மூன்றாவது பிடி ஒன்று வேண்டும்: ஒன்று, இருக்கைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் டாப் டெதர் என்ற மேல்பட்டை, இல்லையேல், காரின் தரையில் ஊன்றும் ஊன்றுகால். இந்த மூன்றாவதை மாட்டாமல் விட்டுவிட்ட கார்களே நான் பார்த்தவற்றில் அதிகம்.

ஆர்129-இன்படி வரும் மாடல்களில் பல 40 முதல் 105 சென்டிமீட்டர் உயரம் வரை. நடுத்தர உயரமுள்ள குழந்தை 105 சென்டிமீட்டரை நான்கு வயதுக்கு மேல்தான் எட்டும். அவற்றுள் சிலவற்றில் அந்த முழு உயரம் வரைக்கும் பின்னோக்கியே வைக்கலாம். பின்னோக்கிய காலத்தை முதல் அளவுகோலாகக் கொண்டால் இந்த வகையே முன்னால் நிற்கிறது. நான் இரண்டாவது முறை வாங்கியதும் இதுதான். வாசல் பக்கம் 90 பாகை திரும்பும் சுழல் மாடல். அறுவைப் பிரசவம் ஆன தாய்மார்களுக்கும் முதுகுவலி உள்ள தாத்தா பாட்டிகளுக்கும் அந்தச் சுழற்சி ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குனிந்து, திரும்பி, குழந்தையைப் பக்கவாட்டில் நுழைத்துப் பட்டை மாட்டும் வேலை ஒரு நாளைக்கு நான்கு முறை வரும். அது எளிதாக இருந்தால்தான் ‘பக்கத்துத் தெருவுக்குத்தானே, இன்று மடியில் வைத்துக்கொள்வோம்’ என்ற பேச்சு எழாது.

இதன் மறைசெலவுகளைச் சொல்லாமல் விட முடியாது. கனம் 10 கிலோவுக்கு மேல். வேறொரு காருக்கு மாற்றுவது தினசரி வேலையாக இருக்க முடியாது. ஊன்றுகால் இறங்கும் இடத்தில் தரைக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டி உள்ள கார்களில், கார் நிறுவனத்தின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதை ஊன்றலாம். ஒரே தள்ளலில் முன்னோக்கித் திரும்பிவிடும் என்பதால், குழந்தை சிணுங்கும்போதெல்லாம் திருப்பிவிடலாமா என்ற எண்ணம் வரும். 15 மாதத்துக்கு முன் திரும்பாதபடி பூட்டு உள்ள மாடலைத் தேடி எடுப்பது நல்லது. பிறகு இடம்: ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்து போன காரில் இனிமேல் நான்கு பேர்தான், அதிலும் முன்னிருக்கையில் உயரம் குறைந்தவர்தான் வசதியாக உட்கார முடியும். எங்கள் வீட்டில் அந்த இடம் மாமியாருக்குப் போயிற்று, என் கணவர் எப்போதும் ஓட்டுநராகிவிட்டார்.

## 0 முதல் 36 கிலோ வரை என்னும் ஆல்-இன்-ஒன்

நாங்கள் முதலில் ஏமாந்தது இதில்தான். பிறந்தது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரே சீட் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு மனம் உடனே இளகிவிடும். ஒருமுறை செலவு, பிறகு கவலையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தபோது, பின்னோக்கிய நிலையில் எங்கள் சின்னக் காரின் பெல்ட் எட்டவில்லை. விற்றவர்களைக் கேட்டோம். ‘ஒன்பது கிலோ ஆனதும் முன்னால் திருப்பிவிடலாம், அதுவரை சமாளியுங்கள்’ என்றார்கள். குழந்தை ஒன்பது மாதத்தில் ஒன்பது கிலோவைத் தொட்டாள், நாங்களும் திருப்பினோம். கழுத்தைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்று மாதம் அப்படியே போய்வந்தோம். எதுவும் நடக்காமல் போனது எங்கள் நல்லகாலம் மட்டுமே. அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

சீட்டின் அமைப்பிலேயே இருக்கும் சிக்கல் என்னவென்றால், 3 கிலோ உடலையும் 30 கிலோ உடலையும் ஒரே கூடு தாங்க வேண்டும். ஆகவே பிறந்த குழந்தைக்கு அகலமாகவும் நிமிர்ந்தும் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தோள் இடிக்கும். இந்த வகையில் பலவற்றில் பின்னோக்கிய வரம்பு 10 அல்லது 13 கிலோவோடு நின்றுவிடும். மேலும் கார் சீட்டின் பிளாஸ்டிக்குக்கு ஆயுள் உண்டு. பல நிறுவனங்கள் உற்பத்தித் தேதியிலிருந்து ஆறு முதல் பத்து ஆண்டு வரை என்று வரையறுக்கின்றன. நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் நாள் முழுவதும் நிற்கும் சீட்டைப் பன்னிரண்டு ஆண்டு பயன்படுத்துவதாகக் கணக்குப் போட்டுச் செலவை வகுப்பது சரியான கணக்காகாது.

இது நல்ல தேர்வாகும் ஓர் இடம் உண்டு. முதல் குழந்தை கேரியரில் வளர்ந்து, உங்கள் காரில் இந்தச் சீட் பின்னோக்கி 13 கிலோ அல்லது அதற்கு மேல் தாங்கும் என்று பொருத்திப் பார்த்துத் தெளிந்திருந்தால், ஒன்றேகால் வயதிலிருந்து எட்டு வயது வரை இது ஓடும்.

## வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சீட்

அமெரிக்காவில் அண்ணனோ அக்காவோ உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது: அவர்கள் பிள்ளை வளர்ந்துவிட்டது, அந்தச் சீட்டைக் கொண்டுவரலாமா? அமெரிக்கக் கன்வெர்ட்டிபிள்களின் பெருமை அவற்றின் பின்னோக்கிய வரம்பு. 40 பவுண்டு, அதாவது 18 கிலோ வரை பின்னோக்கி என்பது அங்கே சாதாரணம். 50 பவுண்டு வரை தாங்குபவையும் உண்டு. அந்த வகையில் பார்த்தால் ஆசை வருவது நியாயமே.

சிக்கல் காரின் பெல்ட்டில் இருக்கிறது. அமெரிக்கக் கார்களின் பயணியர் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால், பிறகு அது உள்ளே போகும் திசையில் மட்டும் நகரும், அப்படியே பூட்டிக்கொள்ளும். சீட்டுகள் பலவற்றின் பொருத்தும் முறை அதை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. நம் கார்களில் பெரும்பாலானவற்றின் பெல்ட் வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டும். மற்ற நேரத்தில் தளர்வாகவே ஓடும். எனவே சீட்டிலேயே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் தாழ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாக்கிங் கிளிப் என்ற சின்ன இரும்புத் துண்டு வேண்டும். உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் அமெரிக்கச் சீட்டின் நாடாக் கொக்கிகள் அதே கம்பிகளில் மாட்டும். ஆனால் அங்கே குழந்தையும் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டு, அதாவது 29.5 கிலோ என்ற மொத்த எல்லை உண்டு.

அங்கே சான்று முறையும் வேறு. அமெரிக்க மத்திய அரசின் 213-ஆம் எண் தரத்துக்கே அவை சோதிக்கப்படுகின்றன. ஐரோப்பிய முத்திரை இருக்காது. குறைபாடு கண்டு நிறுவனம் திரும்பப் பெற்றால், அந்த அறிவிப்பு அங்குள்ள முகவரிக்கே போகும். கொண்டுவருவது பழைய சீட்டாக இருந்தால், உற்பத்தித் தேதியையும், அது எந்த விபத்திலும் சிக்கவில்லை என்பதையும் அண்ணன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் இணையத்தில் பழைய கார் சீட் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விபத்தில் ஏற்பட்ட விரிசல் துணிக்கு அடியில் இருந்தால் வெளியே தெரியாது.

## பக்கம் பக்கமாக

விலைகள் நான் அண்மையில் பார்த்தவற்றின் ஏறக்குறைய வரம்பு; கடைக்குக் கடை மாறும்.

| வகை | பின்னோக்கிய வரம்பு | சிறிய காரில் | இடம் மாற்றுவது | பயன்படும் காலம் | ஏறக்குறைய விலை |
|---|---|---|---|---|---|
| இன்ஃபன்ட் கேரியர் | 13 கிலோ; உயரம் முந்திவிடும் | எளிது | மிக எளிது | 12–15 மாதம் | ரூ.3,000–6,000 |
| பெல்ட் கன்வெர்ட்டிபிள் | 10 அல்லது 13 கிலோ | பெல்ட் நீளத்தைப் பொறுத்தது | முடியும், கவனம் தேவை | 4 ஆண்டுக்கு மேல் | ரூ.6,000–10,000 |
| ஐசோஃபிக்ஸ் கன்வெர்ட்டிபிள் | மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் 105 செ.மீ. வரை | கொக்கி வேண்டும். முன்னிருக்கை நகரும் | கடினம் | 4 ஆண்டுக்கு மேல் | ரூ.14,000–45,000 |
| ஆல்-இன்-ஒன் | பலவற்றில் 10 அல்லது 13 கிலோ | பெரும்பாலும் நெருக்கடி | கடினம் | சீட்டின் ஆயுள் வரை | ரூ.9,000–20,000 |
| அமெரிக்கக் கன்வெர்ட்டிபிள் | 18 கிலோ அல்லது மேல் | பெல்ட் பூட்டு முறை சிக்கல் | கடினம் | காலாவதித் தேதி வரை | பயணப் பெட்டியின் இடம் |

## யாருக்கு எது

சொந்தக் கார், ஐசோஃபிக்ஸ் கொக்கி, ரூ.20,000 வரை செலவழிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஆர்129 முத்திரையுள்ள ஐசோஃபிக்ஸ் கன்வெர்ட்டிபிள். அதைப் பிறந்த நாளிலிருந்தே பயன்படுத்த எண்ணினால், குழந்தை பிறந்த பிறகு தோளளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சீட்டிலும் நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டாம்.

கொக்கி இல்லாத பழைய கார் என்றால், பெல்ட் கன்வெர்ட்டிபிளில் பின்னோக்கிய வரம்பு 13 கிலோ உள்ளதை எடுங்கள். கடைக்குக் காரிலேயே போங்கள். சீட்டை வெளியே கொண்டுவந்து உங்கள் காரில் பின்னோக்கிப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் கடையை விட்டு வந்துவிடலாம். இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பொருத்திப் பாருங்கள். குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருக்கிறதே என்று பெட்டியைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்துவிட வேண்டாம்.

கார் இல்லை, கால் டாக்ஸியில்தான் போக்குவரத்து என்றால் கேரியர். ஒரு வயதுக்குப் பிறகு கனம் குறைந்த பெல்ட் கன்வெர்ட்டிபிள். ஓட்டுநர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். காத்திருப்பு நேரத்துக்கும் சேர்த்துத் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் பொறுமையாக நிற்கிறார்கள். புதுக் காரும் சேர்த்தே வாங்கப் போகிறவர்கள், கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் திட்டத்தின் முடிவுகளைப் பார்க்கலாம். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்தில் குழந்தைப் பாதுகாப்புக்கெனத் தனியாக 49 புள்ளிகள் உண்டு; ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகளை வைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்த நட்சத்திரங்கள் சோதனையில் வைத்த குறிப்பிட்ட கார் சீட்டோடு சேர்ந்து வந்தவை. நீங்கள் வாங்கும் சீட்டுக்கும் அவை தாமே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

## எதை வாங்கினாலும் மாறாதவை

முன்னால் ஏர்பேக் இயங்கும் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக் சீட்டின் முதுகில் அறையும்; அந்த அடி குழந்தையின் தலைக்குப் போகும். பின்னோக்கிய நிலையில் சீட்டின் தோள்பகுதிப் பட்டைகள் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிய நிலையில் நேராகவோ சற்று மேலிருந்தோ. பட்டையை இறுக்கிய பின் தோளருகே அதை விரலால் கிள்ளிப்பாருங்கள். மடிப்பு எழுந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று பொருள். குழந்தையைத் துண்டில் சுற்றியபடியே பட்டை மாட்டாதீர்கள். முதலில் பட்டை, அதன் மேல் துண்டு. வெயிலில் நின்ற காரின் பூட்டு இரும்பு குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். நிறுத்தும்போதே சீட்டின் மேல் வெள்ளை வேட்டி ஒன்றைப் போர்த்திவிடுங்கள், ஏறுவதற்கு முன் பூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

கால் மடங்கி இருக்கிறதே என்று பின்னோக்கிய சீட்டைப் பார்த்துக் கலங்குபவர்கள் நிறைய. குழந்தைகள் சம்மணமிட்டோ, காலைச் சீட்டின் முதுகில் தூக்கி வைத்தோ சுகமாக உட்கார்ந்துகொள்வார்கள். சுழல் சீட்டுக்கு மாறிய பிறகு என் மகள் மூன்றரை வயது வரை அப்படித்தான் உட்கார்ந்து வந்தாள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும்போது மேல்மருவத்தூரில் ஒருமுறை, விழுப்புரம் தாண்டி ஒருமுறை நிறுத்தி, பட்டையைக் கழற்றி அவளை நடக்கவிடுவோம். பச்சிளம் குழந்தையாக இருந்தபோது இன்னும் அடிக்கடி நிறுத்தினோம். அழுதாலும் ஓடும் காரில் பட்டையைக் கழற்றியதில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுப்போம், ஆறு மணி நேரப் பயணம் எட்டாகும்.